மெதுவாகச் சொன்ன பாதி

தேவாரம் ஊர்ச் சபைக்குப் போதகராக வந்ததிலிருந்து எத்தனையோ பிள்ளைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். மொக்கம்மாளைப் போல என் உயிரை வாங்கியவள் ஒருத்தியும் இல்லை.

அவள் முதலில் பெற்ற மூன்றும் மலைக்காய்ச்சலில் போய்விட்டன. நாலாவதைப் பிறந்தவுடன் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, குப்பை என்றே கூப்பிட்டாள். கேவலமான பெயர் என்றால் எமன் தொடமாட்டானாம். ஞானஸ்நானத்தன்று சபை மொத்தமும் காத்திருக்க, "அந்தப் பேரையே வச்சிருங்கய்யா" என்கிறாள்.

"வேதத்துல உள்ள பேருதான் வைக்கணும் ஆத்தா."

"அப்ப அர்த்தம் சொல்லிட்டு வையுங்க."

எபிரேய மொழியை முட்டி மோதிப் படித்தேனே, அது இந்தக் கூத்துக்குத்தானா?

"சாமுவேல். கர்த்தர்கிட்ட கேட்டு வாங்குனவன்."

"வேண்டாம். குடுத்தவுக திருப்பிக் கேட்டுட்டா?"

"யோசேப்பு. இன்னொண்ணும் குடுப்பாருன்னு அர்த்தம்."

"இன்னொண்ணுதான் குடுக்கப் போறோமேன்னு இதை எடுத்துக்கிட்டா?"

"ஏத்தா, சும்மா இரு. ஐயா கோவிக்கிறாக" என்றான் அவள் புருஷன் சுருளியாண்டி. அவள் காதில் வாங்கவே இல்லை.

எனக்குப் பொறுமை போயே போய்விட்டது. "நாசமாப் போற பேருதான் வேணுமா? இந்தா, யாபேஸ்! வேதனைன்னு அர்த்தம். நோவோட பெத்தேன்னு பெத்தவளே வச்ச பேரு. போதுமா?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல!"

அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஆனா அந்த யாபேஸ் பின்னால கூடப் பெறந்தவுக எல்லாரையும் விடப் பெரிய ஆளா..."

"ஐயோ, மெதுவா!" என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே வெயில்தான் இருந்தது. "வேதனைங்கிறதைச் சத்தமாச் சொல்லுங்க. மிச்சத்தை இவன் காதுல மட்டும் சொல்லுங்க."

"எமன் வந்து ஒட்டுக் கேக்குறானாக்கும்? இத்தனை வருசம் நான் பிரசங்கம் பண்ணுனதெல்லாம் வீணா?" என்று கத்தினேன்.

"மூத்தது மூணுக்கும் நல்ல பேராத்தான் வச்சீக" என்றாள் மொக்கம்மாள். "நீங்கதான்யா ஜெபம் பண்ணிப் பொதைச்சீக."

என் கோபம் தணியவில்லை. யார் மேல் என்றுதான் தெரியாமல் போயிற்று. பிள்ளையைக் கையில் வாங்கித் தண்ணீர் தெளித்தேன். "யாபேஸ்! வேதனை!" என்று வாசல்வரை கேட்கச் சொன்னேன். பிறகு குனிந்து, மிச்சத்தை அவன் காதில் சொன்னேன்.