கடைசிப் பல்லில் சிக்கிய சீட்

"ஒரு புள்ள செத்த வண்டி அது, அட மனுஷா! நீ என்னடான்னா கோழியை உரிக்கிற மாதிரி உரிச்சுக்கிட்டு—"

"எஞ்சினுக்கு என்ன தெரியும் ரீட்டா, யாரு செத்தா யாரு பொழைச்சான்னு? முதல்ல அந்தக் கதவைச் சாத்து, காத்து உள்ள—"

"சாத்த மாட்டேன். ஊரு பாக்கட்டும்."

"எங்க இருக்கு ஊரு? கண்ணுக்கு எட்டுற வரைக்கும் முட்டைக்கோசு நிக்குது. அது வேணா பாக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் ஆட்டுத்தொடை வெந்துகொண்டிருந்தது. கறி வேகும் இந்த இரண்டு மணி நேரம்தான் வாராவாரம் இந்தச் சண்டைக்கென்று ஒதுக்கியது போல ஆகிவிட்டது.

கராஜின் இடதுபக்கம் மரக்கட்டைகள் மேல் ஒரு எலும்புக்கூடு நின்றது. மூன்று குளிர்காலமாக ரீட்டாவின் கணவர் டெஸ் ஒவ்வொரு குழாயாக வெட்டி, ஒட்டவைத்து, நீலச் சாயம் அடித்து வைத்திருந்த கார் அது. இரண்டு பேர் உட்காரலாம், கூரை கிடையாது. வலதுபக்கம் சியரா என்ற பழைய கார் நின்றது. அதை டெஸ் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'டோனர்' என்பார், கண்ணைத் தானம் செய்துவிட்டுப் போனவரைச் சொல்வதுபோல. எஞ்சின், கியர்பெட்டி, பின் அச்சு, ஸ்டீயரிங் எல்லாம் இதிலிருந்து அதற்குப் போயாக வேண்டும்.

"வேற ஒரு டோனர் கிடைக்காமலா போச்சு உனக்கு? பழைய இரும்புக்காரன்கிட்ட பத்து கிடக்குமே."

"இது என் வண்டி. பேப்பர் என் பேர்ல இருக்கு. நாலு வண்டியிலேருந்து நாலு சாமான் எடுத்துப் பூட்டினா, ரெஜிஸ்டர் பண்றப்போ அநாதைப் புள்ளைக்குக் குடுக்கிற மாதிரி ஒரு நம்பர் குடுப்பான். ஒரே டோனர்னா பழைய வருஷத்து நம்பரே கிடைக்கும். எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்!"

"ஷானுக்கு ஒரு நம்பரும் கிடைக்கல. கல்லறையில கல்லு ஒண்ணுதான் கிடைச்சுது."

டெஸ் ஒரு நட்டைத் துடைத்து வெண்ணெய் டப்பாவில் போட்டார். டப்பாக்கள் சுவரோரம் வரிசையாக இருந்தன. 'முன் பிரேக், இடது.' 'கதவுக் கீல்.' ஒவ்வொன்றிலும் அவருடைய சின்னக் கையெழுத்து. டப்பாக்களின் அடியில் கறுப்பு வண்டல் தங்கியிருந்தது. போன அக்டோபரில் சியரா வடிகாலில் விழுந்து ஓர் இரவு முழுக்க நீரில் கிடந்தது. கதவுப் பலகையைக் கழற்றியபோது உள்ளே நத்தைகள் இருந்தன.

அன்று வண்டியில் இரண்டு பேர். ரீட்டா, டெஸ் தம்பதியின் மகன் ரஸல் கரையேறிவிட்டான். அவனோடு பள்ளியில் படித்த ஷானை விடிந்தபிறகு நாணலுக்குள்ளிருந்து எடுத்தார்கள். ஓட்டியது ஷான் என்று ரஸல் சொன்னான். ஷானின் ரத்தத்தில் குடி இருந்தது. விசாரணை ஒரே காலையில் முடிந்துபோனது.

"சரி, ஒண்ணு செய்," என்றாள் ரீட்டா. "அந்த சீட் ரெண்டையும் முதல்ல தூக்கி எறி. பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் ஜன்னல் வழியா யாரோ உக்காந்திருக்கிற மாதிரியே இருக்குது எனக்கு. உன் காருக்கு அது வேண்டாம்தானே?"

"வேண்டாம். அது சோபா கணக்கா அகலம்."

"அப்போ இன்னிக்கே எடு. கறி இறக்குறதுக்குள்ள."

இடது சீட் பத்து நிமிஷத்தில் வெளியே வந்தது. முன்னால் தள்ளினால் பின்பக்கத்து போல்ட் இரண்டும் தெரியும், பின்னால் தள்ளினால் முன்பக்கத்தது தெரியும். அப்படித்தான் எந்த சீட்டையும் கழற்றுவார்கள். ஓட்டுபவரின் சீட் மட்டும் முன்னால் வர மறுத்தது. டெஸ் பின்னாலிருந்து தோளைக் கொடுத்துத் தள்ளினார். எண்ணெய் விட்டார். கெட்ட வார்த்தை சொன்னார்.

"ரீட்டா, இப்படி வா கண்ணு. ஏறி உக்காரு."

"நானா? அதுலயா?"

"ஒரு நிமிஷம்தான். அடியில இருக்கிற கம்பியைத் தூக்கிப் புடி. காலைப் பெடல்ல ஊனி முன்னால இழு. நான் பின்னாலேருந்து உதைக்கிறேன். எறியணும்னு சொன்னவ நீதானே?"

ரீட்டா பாவாடையை ஒதுக்கிக்கொண்டு ஏறினாள். ஸ்டீயரிங்கை ஏற்கெனவே கழற்றியிருந்தார். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. சீட்டிலிருந்து சேற்று வாடை எழுந்தது.

"ஊனு."

"எதுல ஊன? எட்டல."

"இன்னும் கொஞ்சம் சறுக்கி வா."

"இதுக்கு மேல சறுக்குனா தரையில உக்காருவேன். கிளட்சுக்கும் எனக்கும் ஒரு சாண் இருக்கு, டெஸ்."

"வீட்டுக்காரி குள்ளம்னா கராஜுக்கு ஆகாது," என்று முனகிக்கொண்டே அவர் விளக்கோடு படுத்து சீட்டுக்கு அடியில் பார்த்தார். "ஆ, இங்க பாரு. சீட் நகர்ற தண்டவாளமே வளைஞ்சு கிடக்கு. கரையில மோதினப்போ தரை மடங்கியிருக்கு. பின்கோடியில, கடைசிப் பல்லுல போய்ச் சிக்கி நின்னுடுச்சு. இனிமே இது முன்னாலயும் வராது, பின்னாலயும்..."

போல்ட்டோடுகூடப் பேசிக்கொண்டே வேலை செய்பவர், பாதியில் நிறுத்திவிட்டார்.

ரீட்டா காலை இன்னொருமுறை நீட்டினாள். செருப்பு நுனி காற்றைத்தான் தொட்டது.

ஷானும் அவளும் ஒரே உயரம். பதினாறு வயதில் அவன் சமையலறையில் அவளோடு முதுகோடு முதுகு ஒட்டி நின்று யார் உயரம் என்று பந்தயம் கட்டி, ஒரு ரொட்டித் துண்டு கனத்தில் தோற்றான். தன் வண்டியை ஓட்டும்போது சீட்டை முழுக்க முன்னால் இழுத்து, அடியில் ஒரு மெத்தையும் போட்டுக்கொள்வான். "மூக்காலயா ஓட்டுற?" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள்.

"டெஸ், மோதினப்பவே இது இங்கதான் இருந்துச்சா?"

"வண்டியைத் தூக்குனப்போ நகந்திருக்கும்."

"வளைஞ்சப்புறம் நகருமா?"

அடியில் டெஸ் விளக்கை அணைத்தார்.

"நகருமான்னு கேட்டேன்."

"நகராது."

டெஸ் மெல்ல எழுந்தார். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டாமல் சுவருக்குப் போய் வெட்டும் மிஷினை எடுத்தார். "இறங்கு. போல்ட்டைப் பாத்துக்கிட்டிருக்க வேண்டாம். தண்டவாளத்தோட வெட்டி எடுத்துடுறேன். சாயங்காலமே குப்பைமேட்டுல போட்டுடலாம்."

அப்போது ரஸல் வந்தான். கராஜ் கதவில் எப்போதும் போலத் தலையைக் குனிந்து நுழைந்தான். குனியாமல் அவனால் எந்தக் கதவிலும் நுழைய முடியாது. கையில் டீக் கோப்பை.

"என்னம்மா, ஓட்டிப் பழகுறியா? லைசென்ஸ் இருக்கா?"

ரீட்டா சிரிக்கவில்லை. "இந்த சீட்டை யாருடா இவ்வளவு பின்னால தள்ளுனது?"

கோப்பை அசையாமல் நின்றது. "வண்டியைத் தூக்குனவன் தள்ளியிருப்பான்."

டெஸ் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அது நகராதுடா."

சமையலறையிலிருந்து கறி வாசனை வந்தது. ரஸல் கோப்பையை ஒரு டப்பாவின் மேல் வைத்தான். சரியாக வைக்கத் தெரியாமல் இரண்டுமுறை வைத்தான்.

"குடிச்சதுல ஷானுக்கு நிக்கவே முடியலம்மா. நான் அவனைவிடப் பரவால்லன்னு... நான் முங்கிப் பாத்தேன். ரெண்டு வாட்டி முங்கினேன். கையில நாணல்தான் வந்துச்சு."

"அப்புறம்?"

"கரையில உக்காந்திருந்தேன். ஒருத்தர் போர்வையைப் போத்தி, 'அவன்தான் ஓட்டினானா தம்பி?'ன்னு கேட்டாரு. நான் எதுவும் சொல்லல. தலையைத்தான் ஆட்டினேன். குளிர்ல ஆடுச்சோ என்னவோ."

"விசாரணையில வாயால சொன்னியே. கோட்டு, டை எல்லாம் போட்டுக்கிட்டு. நான்தானே சட்டையைத் தேய்ச்சுக் குடுத்தேன்."

"ஒருவாட்டி ஆட்டின தலையை எப்படிம்மா திருப்பி எடுக்கிறது?"

அடக்கம் முடிந்த மறுவாரம் ஷானின் அம்மா ஏவ்ரில் வந்து வாசல்படியிலேயே நின்றாள். 'என் புள்ள உன் புள்ளையைக் கொல்லப் பாத்துட்டானே, மன்னிச்சிடு ரீட்டா,' என்றாள். 'விடு ஏவ்ரில்,' என்று ரீட்டா அவள் தோளைத் தொட்டாள். பெரிய மனது என்று ஊரே ரீட்டாவைச் சொன்னது. அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

"யாருக்கு என்னம்மா லாபம் இப்ப?" ரஸலின் குரல் தாழ்ந்தது. "அவன் போயிட்டான். ஏவ்ரில் அத்தைக்கும் பழகியிருக்கும்."

"பழகியிருக்குமா? நாலு மாசமா நானும் அவளும் ஒரே கொட்டகையில டாஃபடில் பூ கட்டுறோம். டீ வேளையில அவ பக்கத்துல ஒருத்திகூட உக்காரமாட்டேங்குறா. சுவத்தைப் பாத்துக்கிட்டு ரொட்டியைத் தின்னுறா. எதுத்த மேசையில நான் உக்காந்திருக்கேன். நானும் போய் உக்காரல."

"இந்த சீட்டைப் பாத்தா இவனை உள்ள போட்டுடுவாங்க, ரீட்டா," என்றார் டெஸ். "குடிச்சிட்டு ஓட்டினது, ஆளு செத்தது, பொய் சொன்னது. சின்னதா முடியாது. இருக்கிறது ஒரே புள்ள."

"அவளுக்கும் ஒண்ணுதான் இருந்துச்சு."

"அவளுது திரும்பி வரப் போகுதா?"

"போன பேரு வரும்."

டெஸ் பிளக்கைச் செருகினார். விசையைத் தொட்டதும் தகடு ஓலமிட்டுச் சுழன்றது, விட்டதும் அடங்கியது. ரஸல் சுவரோடு சாய்ந்து சறுக்கிக் குந்திக்கொண்டான். அந்த நீளக் கால்கள் மடங்கி, முழங்கால் காது வரைக்கும் வந்தது. அம்மாவின் முகத்தை அவன் பார்க்கவே இல்லை.

ரீட்டா கீழே தொங்கிய சீட் பெல்ட்டை இழுத்தாள். வண்டல் காய்ந்து விறைத்திருந்தது அது. அதை மடிமேல் போட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

டெஸ் பாதுகாப்புக் கண்ணாடியைக் கண்ணுக்கு மாட்டினார். பிறகு நெற்றிக்கு ஏற்றினார்.

"இறங்கு கண்ணு. நீ உக்காந்திருக்கிற வரைக்கும் என்னால வெட்ட முடியாது."