எங்கள் பக்கத்துக் கோளாறு

அக்காவுக்கு நீதிமன்றம் கொடுத்தது வாரத்துக்கு இரண்டு அழைப்பு. புதனும் சனியும், மாலை ஆறு மணியிலிருந்து ஆறு இருபது வரை கம்ப்யூட்டர் திரையில் மகனைப் பார்க்கலாம், பேசலாம். அவனுக்கு ஆறு வயது. அப்பாவோடு வேறு ஊரில் இருக்கிறான். பேச ஆரம்பித்த நாளிலிருந்து கத்தித்தான் பேசுவான் என்பதால் எங்கள் வீட்டில் அவன் பெயர் டமாரம்.

முதல் மாதம் எட்டு அழைப்புகளில் ஏழு பாதியில் அறுந்தன. படம் உறைந்துவிடும். டமாரத்தின் வாய் திறந்தபடியே நிற்கும். நடுவில் ஒரு வட்டம் சுற்றும். அக்கா "ஹலோ, ஹலோ" என்று திரையிடம் கேட்டுக்கொண்டிருப்பாள். திரும்ப அழைத்தால் அந்தப் பக்கம் எடுப்பதில்லை.

மாதக் கடைசியில் டமாரத்தின் அப்பாவான மாமாவின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. தாயே அழைப்பைத் துண்டித்துவிடுகிறார், பிள்ளை ஏங்கிப்போகிறான், ஆகவே அழைப்பை மாதத்துக்கு ஒன்றாகக் குறைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

எங்கள் வக்கீலம்மா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நெட்டு கட்டாகுதுன்னு வாயால சொன்னா எடுபடாது. எப்ப கட்டாச்சு, எதனால கட்டாச்சு, தேதி போட்டு எழுதிக் கொண்டாங்க. விசாரணைக்கு ஏழு வாரம் இருக்கு." என் பக்கம் திரும்பினார். "நீங்க சயின்ஸ்தானே?"

தலையாட்டினேன்.

நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டேன். தேதி, அறுந்த நேரம், ரவுட்டர் விளக்கின் நிறம், அப்போது வீட்டில் என்னென்ன ஓடியது, காரணம். கம்ப்யூட்டரில் ஒரு கறுப்புச் சன்னலைத் திறந்து வைத்தேன். அது நொடிக்கு ஒருமுறை ரவுட்டரை 'இருக்கிறாயா' என்று கேட்கும். 'இருக்கிறேன்' என்று ஒரு வரி திரும்பி வரும். வரி வராமல் நின்றால் கோளாறு இந்த இரண்டுக்கும் நடுவில், எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம்.

ரவுட்டர் கூடத்தில் ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. கம்ப்யூட்டர் பின்னறையில். இடையில் இரண்டு சுவர், ஓர் இரும்பு பீரோ.

"கொம்பு மட்டும் ரெண்டு வெச்சிருக்கு, ஒரு சுவரைத் தாண்டத் துப்பில்ல" என்றார் அப்பா.

"நீங்க ரொம்ப ஒழுங்கு. டிவி ரிமோட்டுக்கே நான் வரணும்" என்றாள் அம்மா.

"நான் ஏன் பாக்கணும்? மூணு வருஷம் அலை அலைன்னு படிச்சவ இருக்கா. நம்ம வீட்டு அலையையும் கொஞ்சம் பாரும்மா."

பார்த்தேன். நானும் அப்பாவுமாக பீரோவைத் தள்ளினோம். ரவுட்டரை ஃபிரிட்ஜிலிருந்து இறக்கிப் பின்னறைக் கதவுக்கு மேல் பலகை அடித்து வைத்தோம். எங்கள் ரவுட்டர் பேசும் அதே அலைவரிசைச் சேனலில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் பதினொன்று பேசிக்கொண்டிருந்தன. காலியாக இருந்த வேறொரு சேனலுக்கு மாற்றினேன். நெட் கம்பெனி ஆள் வந்தார். சுவிட்சை அணைத்துப் போட்டார்.

"இப்ப பாருங்க மேடம், சூப்பரா வருது."

"வர்றப்ப வரத்தான் செய்யும். கட்டாகும்போது வாங்க" என்றாள் அம்மா.

"கட்டானா நீங்க கம்ப்ளெயின்ட் போடவே நெட்டு வேணுமே மேடம்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் வாரம் இன்னொன்றைக் கண்டுபிடித்தேன். பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காகக் கம்ப்யூட்டர் தன் வயர்லெஸ் பாகத்தை அவ்வப்போது தூங்க வைத்தது. அந்த அமைப்பை நிறுத்தினேன். அதற்குப் பிறகு கறுப்புச் சன்னலில் வரிகள் நிற்கவே இல்லை. ஒரு மணி நேரம் ஓடவிட்டேன், அடுத்த நாள் மூன்று மணி நேரம். ஒரு வரிகூட விடுபடவில்லை. அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். சனிக்கிழமைக்காகத் தலைக்குக் குளித்துப் பின்னிக்கொண்டாள்.

சனிக்கிழமை ஆறு பதினொன்றுக்கு அழைப்பு அறுந்தது.

எதற்கும் இருக்கட்டும் என்று வயர்லெஸ்ஸையே விட்டுவிட்டு, ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு நேராக ஒரு கேபிள் இழுத்தேன். புதன்கிழமை ஆறு பதிமூன்று. அன்றுதான் ஒன்றைக் கவனித்தேன். முன்பெல்லாம் படம் உறையும், வட்டம் சுற்றும். இப்போது அப்படி இல்லை. 'அழைப்பு முடிந்தது' என்று எழுதி வந்தது. கறுப்புச் சன்னலில் வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். முதல் மாதத்தைப் பற்றி என்னிடம் குறிப்பில்லை. அதற்குப் பிறகு இதேபோல இன்னும் மூன்று முறை நடந்திருந்தது.

அடுத்த அழைப்புக்குக் கேமராவில் தெரியாதபடி மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"டேய் டமாரம், இன்னிக்கு ஸ்கூல்ல என்னடா?"

"ஒண்ணுமில்ல." குரல் தணிந்து வந்தது.

"ஏதாவது வரைஞ்சியா?"

"ம்ஹூம்."

மாடிப்படியில் குட்டி போட்ட பூனையைப் பற்றி அக்கா சொன்னாள். எத்தனை குட்டி என்று கேட்டான். நாலு என்றாள். ஒரு பல் விழுந்திருந்த இடம் தெரியச் சிரித்தான். அவன் பின்னால் நீலத் திரைச்சீலை, மூடிய கதவு. அறையில் வேறு யாரும் இல்லை.

"அந்தக் கறுப்புக் குட்டி உனக்குத்தான். நீ வர்ற வரைக்கும் அம்மா பாத்துக்கறேன், சரியா?"

டமாரம் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டான். விரல் ஒன்று திரையை நோக்கி வந்தது, பெரிதாகி அவன் முகத்தை மறைத்தது. அழைப்பு முடிந்தது. ஆறு பன்னிரண்டு.

"நெட்டு போச்சு" என்றாள் அக்கா.

கறுப்புச் சன்னலில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. குனிந்து என்னைப் பார்த்தாள்.

"பாத்துட்டியா?"

"ம். உனக்குத் தெரியுமா?"

"மொத மாசமே ரெண்டு தடவ. நெஜமாவே கட்டானதும் இருந்துச்சு. எது எதுன்னு பிரிச்சுப் பாக்க வேணாம்னு இருந்தேன். நீதான் எல்லாத்தையும் சரி பண்ணிட்டே."

"அக்கா, இது நல்லதுக்குத்தான். நீ கட் பண்ணலன்னு இந்த நோட்டே சொல்லும். அந்தப் பக்கம்தான் கட்டாகுது."

"அந்தப் பக்கம்னா யாரு?"

எட்டித் திரையை மூடினேன்.

"மாமா, கட் பண்றது நான் இல்லம்பார். அதுவும் நெஜம்தான். அப்புறம் இவனக் கூப்பிட்டு நாற்காலியில உக்கார வெப்பாங்க. ஏம்ப்பா, அம்மா பேசறப்ப ஏன் கட் பண்றேன்னு கேப்பாங்க. அத்தன பேர் நடுவுல. அவன் என்னடீ சொல்லுவான்?"

"அழுகை வந்திருக்கும். அதான் கட் பண்றான்."

"இருக்கும். இல்ல, என்னைப் பாத்தா அலுப்பா இருக்கும். அவன் வாயால அதக் கேக்கறதுக்கு நான் கோர்ட்டுக்குப் போகணுமா?"

நோட்டை என் மடியில் வைத்தாள். "எழுது. ஆறு பன்னிரண்டு. நெட்டு."

"பொய்க்கா."

"சரி, குடு."

பேனாவை வாங்கி அவளே எழுதினாள். 'எங்கள் பக்கத்துக் கோளாறு.' பின்னால் புரட்டி, காரணம் என்ற இடத்தில் நான் கேள்விக்குறி போட்டிருந்த எல்லா வரிகளிலும் அதையே எழுதினாள். உருண்டையான, பிழையில்லாத கையெழுத்து.

விசாரணையில் நீதிபதி நோட்டை முழுக்கப் புரட்டினார். பொறுமையானவர்.

"சேனல் மாத்தியிருக்கீங்க, கேபிள் போட்டிருக்கீங்க. இவ்வளவு செஞ்சும் சரியாகலையா?"

கேள்வி எனக்கு. எழுந்து நின்றேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

"ஆகலைங்க" என்றேன்.

அக்கா துண்டித்தாள் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் பாதியில் அறுகிற அழைப்புகள் குழந்தைக்கு நல்லதல்ல என்றார். மாதத்துக்கு ஒன்று, பதினைந்து நிமிடம். வக்கீலம்மா காகிதக் கட்டை அடுக்கிக்கொண்டு எங்களிடம் பேசாமல் போனார்.

வராந்தாவில் மாமா நின்றிருந்தார். முன்பைவிட மெலிந்திருந்தார். அக்காவுக்கு இரண்டடி தள்ளி வந்து நின்று, சுவரைப் பார்த்தபடி பேசினார்.

"உங்க நெட் கம்பெனிய மாத்திப் பாருங்களேன். கட்டானா அவன் ரூம விட்டு வர மாட்டேங்கறான். கதவச் சாத்திக்கிட்டு உள்ளேயே கிடக்கான். எட்டு மணி வரைக்கும்."

அக்கா புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"பாக்கறோம்" என்றாள்.