குளிரில் கறுத்த பதினான்கு

"உன் பேரை ஒரு பட்டாம்பூச்சிக்கு வச்சா உனக்குப் பிடிக்குமா, எறும்பு?"

அண்ணன் இதைக் கேட்டபோது நான் ஊசிகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது "உள்ளேன்" என்று சொல்ல வாய் வராமல், வகுப்பில் உட்கார்ந்துகொண்டே பாதி வருடம் வராதவளாகிப் போனவள் நான். பிறகு நிஜமாகவே போகாமல் விட்டேன். அண்ணன்தான் தன் வேலையறையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தான்.

அவன் பட்டாம்பூச்சி வியாபாரி. மலைகளிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் கூட்டுப்புழுக்களைப் பார்சலில் வரவழைப்பான். அவை பூச்சியாகி வெளியே வந்தபின், கொன்று, இறக்கையை விரித்து, ஊசியில் குத்திச் சேகரிப்பவர்களுக்கு அனுப்புவான். பூச்சிக்கு அடியில் குத்தும் சீட்டு நகத்தளவுதான் இருக்கும். இடம், தேதி, பெயர். அதை எழுதுவது என் வேலை. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து என்பதால் எனக்கு எறும்பு என்று பெயர்.

சேகரிப்பவர்களுக்கு டிராயரில் ஓர் இடம் காலியாக இருந்தால் தூக்கம் வராது. புதுப் பெயர் ஒன்று வந்தால் புதிதாக ஓர் இடம் காலியாகும். அண்ணனுக்கு அது நன்றாகவே தெரியும். இறக்கை ஓரத்தில் ஒரு புள்ளி கூடியிருந்தால் அது ஒரு துணையினம், அதே இனத்தில் அந்த ஊருக்கென்று ஒரு தனி வகை. ஒரு புள்ளி குறைந்திருந்தால் இன்னொன்று. தானே அச்சடிக்கும் நாலு பக்கப் பத்திரிகையில் இப்படிப் பதினொரு பெயர் வைத்திருந்தான்.

"இவர் கையில பேனா இருந்தா கொசுவுக்குக்கூட இனிஷியல் போடுவாரு" என்பாள் அண்ணி.

போன வருடம் மியூசியத்து மேடம் ஒருவர் அந்தப் பதினொன்றும் செல்லாது, எல்லாம் ஒரே பூச்சிதான் என்று எழுதிவிட்டார். அதன்பிறகு கண்காட்சிகளில் அண்ணனைப் பார்த்ததும், "என்னப்பா, இன்னிக்கு எத்தனை பேரு வச்ச?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். வீட்டில் அவன் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதையே நிறுத்திவிட்டான்.

அப்படி ஒரு கண்காட்சிக்கு அவன் போயிருந்த வாரத்தில் மலையிலிருந்து முப்பது கூட்டுப்புழுக்கள் வந்தன. இறக்கை விரிக்கும் பலகைகள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பிக் கிடந்தன. எல்லாம் சேர்ந்து வெளியே வந்தால் ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியாது. கொஞ்சம் தாமதப்படுத்தலாம் என்று பெட்டியை ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் காய்கறிக்குப் பின்னால் ஐந்து நாள் வைத்தேன். ஃப்ரிட்ஜ் பக்கமே கொண்டுபோகாதே என்று அவன் சொல்லியிருந்தான். அவன் வருவதற்குள் எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன்.

பதினாறு செத்துப்போயின. மீதிப் பதினான்கும் அவன் கண்ணெதிரில்தான் வெளியே வந்தன. ஆரஞ்சாக இருக்க வேண்டிய இறக்கைகள், மை கொட்டியதுபோல் விளிம்பிலிருந்து நடுவரை கறுத்திருந்தன. அண்ணன் பெட்டிமுன் மண்டியிட்டான்.

"பதினாலும் ஒரே மாதிரிடி. புள்ளி கிள்ளி இல்ல, இது நிஜம். அந்த மலையில மட்டும் இருக்கிற வகை. இது ஒண்ணு போதும். அந்தப் பதினொண்ணையும் மறந்துடுவாங்க."

அன்று சாயங்காலம்தான் என் பெயரை வைக்கலாமா என்று கேட்டான். ராத்திரி எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான்.

எனக்கு அந்த ஃப்ரிட்ஜ்மேல்தான் சந்தேகம். அதே இனத்தில், தோட்டத்தில் வளர்த்த சாதாரணக் கூட்டுப்புழுக்கள் மூன்றை எடுத்து, அதே காய்கறிக்குப் பின்னால் ஐந்து நாள் வைத்துப் பார்த்தேன். மூன்றும் கறுப்பாகவே வந்தன. சீட்டு எழுதிக் குத்தி, பிஸ்கட் டப்பாவில் போட்டு, என் துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

அடுத்த மாதம் மேடமே வந்தார். அண்ணன்தான் கடிதம் போட்டு வரவழைத்திருந்தான். பெட்டியைத் திறந்தால் காற்றில் இறக்கை அடிபடும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தோம். அவர் லென்ஸை வைத்துப் பதினான்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிப்பதற்குள் அண்ணன் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"வெளியில பிடிச்சதா, கூட்டுல இருந்து வந்ததா?"

"கூட்டுல இருந்துதான் மேடம். இதே அறையில."

"குளிர் பட்டா இந்த இனம் கறுக்கும். தெரியும்ல?"

"தெரியும் மேடம். அதனாலதான் ஃப்ரிட்ஜ் பக்கமே விடமாட்டேன். வேணும்னா என் தங்கச்சியைக் கேளுங்க. பொய் சொல்ற அளவுக்கு இவளுக்குப் பேச வராது."

மேடம் என் பக்கம் திரும்பினார். "என்னம்மா, பெட்டி இந்த அறையிலயேதான் இருந்துச்சா?"

தலையை மேலும் கீழும் ஆட்டினேன்.

"அப்போ நான்தான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்போல" என்றார் மேடம். அண்ணன் சமையலறைப் பக்கம் பார்த்து, "டீ போடு! நல்லாப் போடு!" என்று கத்தினான்.

மேடம் பையிலிருந்து சிவப்புச் சீட்டு ஒன்றை எடுத்தார். புதுப் பெயருக்குச் சாட்சியாக ஒரே ஒரு பூச்சியைத் தேர்ந்தெடுத்து இந்தச் சீட்டைக் குத்துவார்கள். அது காலத்துக்கும் மியூசியத்தில் இருக்கும்.

"உன் பேருதானாமே. நீயே எழுதும்மா."

இடத்தை எழுதினேன். தேதியை எழுதினேன். பெயருக்கு வந்ததும் பேனா முனை சீட்டிலேயே நின்றுவிட்டது. மை ஊறிப் புள்ளியாகி, புள்ளி பெரிதாகிக்கொண்டே போனது.

"என்னடி, உன் பேரே மறந்துபோச்சா?" அண்ணன் சிரித்தான்.

பேனாவை வைத்துவிட்டு உள்ளே போனேன். பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து மேஜைமேல் திறந்துவைத்தேன்.

மேடம் ஒரு பூச்சியை எடுத்து, அதன் அடியிலிருந்த சீட்டை லென்ஸால் பார்த்து வாய்விட்டுப் படித்தார். "தோட்டத்துக் கூட்டுப்புழு. ஃப்ரிட்ஜ், ஐந்து நாள்." மற்ற இரண்டையும் வாய்க்குள் படித்துக்கொண்டார். பிறகு பெட்டியைக் காட்டி, "அந்தப் பதினாலும்?" என்றார்.

"அதுவும் ஃப்ரிட்ஜ்தான். நான்தான் வச்சேன்." யாரோ பேசுவதுபோல் இருந்தது. "அண்ணனுக்குத் தெரியாது. சத்தியமா அண்ணனுக்குத் தெரியாது."

டீத் தட்டோடு வந்த அண்ணி கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

அண்ணன் குனிந்து என் எழுத்தைப் பார்த்தான். அந்த எறும்பு எழுத்தைப் படிக்க அவனுக்கு லென்ஸ் தேவையில்லை. சிவப்புச் சீட்டை எடுத்து விரலால் தேய்த்தான். காயாத மை இழுபட்டது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பதினான்கும் இருந்த பெட்டியை, எப்போதும் மூடுவது போலவே, இரண்டு கையாலும் ஓசைப்படாமல் மூடினான். பெட்டி மூடியாகிவிட்டதால் மின்விசிறியைப் போட்டான்.

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.