பொடியெழுத்து

கோபிசெட்டிபாளையம் பேருந்து நிலையத்தின் கிழக்கு ஓரத்தில், வாழைத்தார் வண்டிகளுக்கும் பூக்கூடைகளுக்கும் இடையே, மெஹராஜ் பேருந்துக்காகக் காத்து நின்றாள். தோளில் தொங்கிய துணிப்பையில் நாற்பது பாடக்குறிப்புகள் எழுதக் கோடிட்டு வைத்த தடித்த நோட்டு இருந்தது. கையில், பாலித்தீன் உறைக்குள் சுருட்டிய படத்தாள். ஆடிக் காற்று அந்தச் சுருளைப் பிடுங்கப் பார்க்க, அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"சார்ட்டுங்களா, பச்சப் புள்ளைங்களா?" என்று கேட்டபடி வந்தான் சென்னகேசவன். அவளோடு ஒரே பயிற்சிப் பள்ளியில் படிப்பவன். அவள் போகும் பள்ளிக்கே அவனுக்கும் ஆணை வந்திருந்தது.

"நனைஞ்சா நீங்களா வரைஞ்சு குடுப்பீங்க? சிரிக்காம அந்தக் குடையப் புடிங்க."

தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. ஆசிரியர் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் ஒரு பள்ளியில் நாற்பது நாள் வகுப்பெடுக்க வேண்டும். நாற்பதாம் நாள் வெளியிலிருந்து தேர்வாளர் வந்து மதிப்பெண் இடுவார். ஐம்பதுக்குக் குறைந்தால் ஓராண்டு வீண். மெஹராஜுக்கு அந்த ஓராண்டும் இல்லை. கோவை கணபதியில் லேத் பட்டறையில் நின்று நின்று கால் வீங்கிப்போன, அவளைப் பெற்ற அத்தா, புறப்படும்போதே சொல்லியிருந்தார்: "இந்த வருசத்தோட சரி கண்ணு. பாஸாயிட்டா வேலைக்குப் பதிஞ்சு வெச்சிரலாம். இல்லாட்டி மாப்பள ஊட்டுக்காரங்களுக்கு நா பதில் சொல்லியாகோணும்."

பேருந்து அவர்களைச் செங்காட்டுவலசில் இறக்கிவிட்டபோது வாய்க்காலில் புதுத்தண்ணீர் நுரைத்து ஓடிக்கொண்டிருந்தது. கரையை ஒட்டி வேப்பமரம், அதன் நிழலில் ஓடு வேய்ந்த இரண்டு அறைகள். அதுதான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. தலைமையாசிரியர் பொங்கியண்ணன் சாவிக்கொத்தோடு வாசலிலேயே நின்றார். பள்ளிக்கு எதிரே வாய்க்காலுக்கு அக்கரையில் விரிந்து கிடந்த நெல்வயல் அவருடையது.

"வாங்க அம்மணி, வாங்க தம்பி. மூணு வருசமா இன்னொரு வாத்தியார் போஸ்ட்டு காலிங்க. அஞ்சு கிளாசுக்கும் நா ஒருத்தன். இதுல மீட்டிங்கு, கணக்கெடுப்பு, சத்துணவு ரிஜிஸ்டரு. ஆடி பொறந்தா உங்களாட்டம் ரெண்டு பேரு வருவாங்கன்னு மழையக் காட்டிலும் எதிர்பாத்துட்டு இருப்பனுங்க."

நான்கும் ஐந்தும் உட்காரும் முதல் அறையைச் சென்னகேசவனுக்குக் கொடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் நெருங்கியிருந்த இரண்டாம் அறை மெஹராஜுக்கு. அங்கே முப்பத்தொரு பிள்ளைகள் தரையில் அமர்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னே, கையில் பூவரசங்குச்சியோடு, பத்து வயதுச் சிறுமி ஒருத்தி நின்றாள்.

"இவ வள்ளியாத்தா. அஞ்சாப்பு. வாத்தியார் இல்லாத ரூமுங்களே, சத்தம் வராம இவதான் பாத்துக்கறா. நல்ல கெட்டிக்காரி" என்றார் பொங்கியண்ணன்.

மெஹராஜ் படத்தாளை விரித்து ஆணியில் மாட்டினாள். வேரோடு பிடுங்கிய செடி ஒன்றின் படம். ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு கோடு, கோட்டின் நுனியில் அதன் பெயர். பயிற்சிப் பள்ளியில் மூத்த மாணவி ஒருத்தி தந்துவிட்டுப் போனது. குறிப்பேட்டில் எழுதியபடி, முதலில் ஆர்வமூட்டும் வினா ஒன்றைக் கேட்க வாயெடுத்தாள். கேட்பதற்குள் அறை அதிர்ந்தது.

"வேர்! தண்டு! இலை! பூ! காய்!"

வள்ளியாத்தாள் குச்சியால் ஒவ்வோர் உறுப்பாய்த் தொட்டாள். முப்பத்தொரு குரலும் அதைத் தொடர்ந்தன. வேர் நீரை உறிஞ்சும், தண்டு அதைக் கடத்தும், இலை உணவு ஆக்கும் என்று மெஹராஜ் கேட்க இருந்த வினாக்களின் விடைகளெல்லாம் வரிசை மாறாமல் வந்து விழுந்தன. முதல் நாளே இப்படியொரு வகுப்பு வாய்க்குமென்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

மகிழ்ச்சியோடு படத்தைக் கழற்றிவிட்டுக் கரும்பலகையில் 'இலை' என்று பெரிதாய் எழுதினாள். "எங்கே வள்ளி, இதப் படி பார்க்கலாம்."

சிறுமி பலகையைப் பார்க்கவில்லை. படம் தொங்கிய வெற்று ஆணியைப் பார்த்தாள். "வேருங்க டீச்சர்" என்றாள்.

"இது?" என்று மெஹராஜ் இரண்டாம் எழுத்தைத் தொட்டாள்.

"தண்டுங்க."

அன்று மாலை பேருந்துக்குக் காத்திருக்கையில் மெஹராஜ் படத்தாளின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தாள். பென்சிலால் மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றாண்டுகளின் பயிற்சி மாணவியர். ஒவ்வொரு பெயருக்கும் கீழே செங்காட்டுவலசு என்ற ஊர்ப்பெயர்.

"அதுக்கென்னங்க? நம்மளுக்கு நல்லதுதானே. மூணு வருசமாப் பதப்படுத்தி வெச்ச கிளாசு!" என்று சிரித்தான் சென்னகேசவன்.

"அந்தப் புள்ளைக்கு ஓரெழுத்துத் தெரியலீங்க."

"எக்ஸாமினருக்கு அது தெரியவா போவுது?"

மறுநாள் முதல் மெஹராஜ் படத்தை விரிக்கவில்லை. காலை மணியடிக்கும் முன்னரும் மதிய உணவுக்குப் பின்னரும் வள்ளியாத்தாளையும் மூன்றாம் வகுப்பாரையும் வேப்பமரத்தடியில் அமர்த்தி, மணலில் விரல் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தாள். வேப்பம்பழம் தலையில் சொட்டும். வாய்க்காலில் குளிக்கும் எருமைகளின் மூச்சு கேட்கும். பிள்ளைகள் அவளுக்குக் கொய்யாக்காய் கொண்டுவந்தார்கள். ஒருநாள் கனகாம்பரச் சரம், இன்னொரு நாள் தீப்பெட்டிக்குள் ஒரு பொன்வண்டு. வாழ்நாளில் பின்னர் எத்தனையோ வகுப்பறைகளில் நின்றபோதும், சுண்ணக்கட்டியின் முதல் கீறலோடு அவள் நினைவில் எழுந்தது அந்த மணலின் குளிர்ச்சிதான்.

குச்சியை மட்டும் வள்ளியாத்தாள் கீழே வைக்க மறுத்தாள்.

"குச்சி எதுக்கு கண்ணு?"

"குச்சி இல்லீன்னா இதுக என்னைய மதிக்காதுங்க டீச்சர். இவனெல்லாம் என்ற சித்தப்பம் பையனுங்க. ஊட்டுல என்னைய வள்ளிக்குட்டீம்பான்."

மூன்றாம் வாரத்தில் எழுத்துகள் கூடிச் சொல்லாயின. அவர்களுக்கென்று மெஹராஜ் ஐந்து வரிகளைத் தானே கோத்துப் பலகையில் எழுதினாள்:

வாய்க்காலில் நீர் வந்தது.
வயல் நனைந்தது.
கொக்கு வந்தது.
மாரப்பன் ஏர் பூட்டினார்.
வள்ளி பள்ளிக்கு வந்தாள்.

நான்காம் வரியைக் கூட்டிப் படித்ததும் சிறுமி திகைத்துப்போய் நின்றாள். "டீச்சர், இது எங்கப்பனுங்க!"

மறுநாள் காலை, மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி ஒருவர் வாசற்படிக்குக் கீழே வந்து நின்றார். சேறு காயாத கால்கள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எட்டிப் பலகையைப் பார்த்தார்.

"எதுங் டீச்சர் என்ற பேரு?"

வள்ளியாத்தாள் ஓடிப்போய்க் குச்சியால் தொட்டுக் காட்டினாள். மாரப்பன் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "நல்லாத்தானுங்க இருக்குது" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு வாய்க்காலைக் கடந்து பொங்கியண்ணனின் வயலுக்குள் இறங்கினார்.

தேர்வுக்கு இரண்டு நாள் இருந்தபோது பொங்கியண்ணன் அவளை அழைத்தார். மேசை மேல் கையெழுத்துக்காகப் பாடக்குறிப்பேடு திறந்து கிடந்தது.

"அம்மணி, நோட்டுல மொத நாளைக்கப்பறம் செடிப் பாடத்தக் காணமே. எக்ஸாமுக்கு அதயே எடுத்துக்குங்க. பசங்களுக்குத் தலைகீழாத் தெரியும். மூணு வருசமா வந்த புள்ளைக ஒருத்தர்கூட எம்பதுக்குக் கொறஞ்சதில்லீங்க."

"சார், இப்ப அவங்க படிக்கறாங்க. நெசமாவே படிக்கறாங்க. அதயே காட்டலாமுன்னு..."

"படிக்கறாங்க, நா இல்லீங்கல. எழுத்துக்கூட்டி முடிக்கங்காட்டி வந்தவரு வாட்ச்சப் பாத்துருவாருங்களே." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நானும் ஒருகாலத்துல இப்பிடித்தான் நெனச்சனுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றன் அம்மணி."

அவர் சொன்னதில் பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். அத்தாவின் வீங்கிய கால்கள் நினைவுக்கு வந்தன. மறுநாள் அவள் படத்தாளை எடுத்துவந்தாள். மாலை வரை சுருளை அவிழ்க்கவில்லை. கடைசியில், சுருளைக் கண்டதும் ஆணியை நோக்கி எழுந்த வள்ளியாத்தாளின் பார்வையே அவளுக்கு முடிவு சொல்லிற்று. படத்தாளைச் சென்னகேசவனிடம் கொடுத்துவிட்டாள்.

"யோசிச்சுத்தான் குடுக்கறீங்களா?"

"வாங்கிக்குங்க. பின்னாடி உங்க பேரையும் எழுதிருங்க."

தேர்வாளர் பத்தரை மணிக்கு ஜீப்பில் வந்தார். முதல் அறையில் சென்னகேசவன் படத்தை விரித்தான். கூரை அதிர விடைகள் வந்தன. தேர்வாளர் முகம் மலர்ந்து வெளியே வந்தார்.

இரண்டாம் அறையில் மெஹராஜ் பலகையின் மேல்மூலையில் 28-8-96 என்றும், வருகை 31 என்றும் எழுதி, கீழே அந்த ஐந்து வரிகளை எழுதினாள். பெரிய பிள்ளைகள் முறைவைத்துப் படித்தார்கள். "வா... ய்... வாய்... க்கா..." என்று ஒருவன் தடவித் தடவி முன்னேறினான். ஒருத்தி பாதியில் நின்று, மேலே உத்தரத்தைப் பார்த்து, மறுபடி தொடங்கினாள். வள்ளியாத்தாளின் முறை வந்தது. நான்காம் வரியில் ஒவ்வோர் எழுத்தாய் ஊன்றி, நெற்றி வியர்க்க, அவள் தன் தந்தையின் பெயரைக் கட்டி எழுப்பினாள். படித்து முடித்துத் திரும்பிச் சிரித்தாள். அவள் கையில் குச்சி இல்லை. அதை எங்கே வைத்தாள் என்று மெஹராஜ் கவனிக்கவேயில்லை.

தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மதிப்பெண் பட்டியல் இரண்டு வாரம் கழித்து வந்தது. சென்னகேசவன் தொண்ணூற்றிரண்டு. மெஹராஜ் ஐம்பத்தொன்று. குறிப்புரையில் இரண்டே வரி: 'துணைக்கருவி இல்லை. மாணவர் வாசிப்பில் சரளம் போதாது.' ஒற்றை மதிப்பெண்ணில் கரையேறியவள், பயிற்சிப் பள்ளியின் ஓய்வறைச் சுவரில் சாய்ந்து சிறிது அழுதாள்; பிறகு அத்தாவுக்குத் தேறிவிட்டதாக மட்டும் ஓர் அஞ்சலட்டை எழுதினாள்.

கார்த்திகையில் இன்னொரு சிக்கல் வந்தது. பயிற்சி முடித்ததற்கான சான்றில் தலைமையாசிரியரின் கையெழுத்து இருந்தது; பள்ளியின் வட்ட முத்திரை இல்லை. கடைசி நாளின் பரபரப்பில் அவளும் பார்க்கவில்லை. முத்திரை இல்லாமல் பட்டயம் இல்லை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். மெஹராஜ் மறுபடியும் அதே பேருந்தில் ஏறினாள்.

வயல் கதிர் முற்றிப் பழுத்திருந்தது. வாய்க்கால் மெலிந்து ஓடியது. பொங்கியண்ணன் ஐந்து வகுப்பின் பதிவேடுகளுக்கு நடுவே அமர்ந்திருந்தார். அவளைக் கண்டதும் உண்மையாகவே மகிழ்ந்தார். சான்றை வாங்கி, மையை ஊதி ஊதி, முத்திரையை அழுத்திப் பதித்தார்.

"போஸ்ட்டுக்கு ஆள் வந்துட்டாங்களா சார்?"

"எங்கீங்க? அடுத்த ஆடிக்கு மறுபடி உங்களாட்டம் யாராச்சும் வந்தாத்தான்."

அப்போது அடுத்த அறையிலிருந்து குரல் எழுந்தது. ஒரு குரல் முன்னே சொல்ல, பல குரல்கள் பின்னே சொல்லின.

"வாய்க்காலில் நீர் வந்தது! வயல் நனைந்தது!"

மெஹராஜ் வாசலில் போய் நின்றாள். கரும்பலகையில் அவளுடைய கையெழுத்து அப்படியே இருந்தது. விளிம்புகள் கலைந்த இடங்களில் மட்டும் பிள்ளைக்கை ஒன்று சுண்ணக்கட்டியால் மேலே தடம் இழைத்திருந்தது. மேல்மூலையில் 28-8-96. வருகை 31. வள்ளியாத்தாள் பூவரசங்குச்சியால் வரிகளைத் தொட்டுக்கொண்டே போனாள். எங்கும் தடங்கல் இல்லை. வாய்க்கால் நீரைப்போல் சரளமாய் ஓடிற்று வாசிப்பு. அவள் கண்கள் பலகையிலேயே இல்லை. சன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தில் அணில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"டீச்சர்!" என்று கூவிக்கொண்டு ஓடிவந்தாள். பிள்ளைகள் எழுந்து சூழ்ந்துகொண்டார்கள்.

"இத அழிக்கவே இல்லியா கண்ணு?"

"அழிச்சா யாருங்க எழுதறது? சாருக்கு நேரமில்லீங்க. புஸ்தகம் இன்னும் வருலீங்க. டெய்லி இதத்தான் படிக்கறமுங்க. கண்ண மூடீட்டே சொல்லுவமுங்க."

அவள் பார்வை மெஹராஜின் கையிலிருந்த சான்றில் விழுந்தது. ஈரம் உலராத முத்திரையின் வளைவோடு வளைவாய்த் தலையைச் சாய்த்து, உதட்டைக் குவித்து, எழுத்தெழுத்தாய் ஊன்றினாள். "ஊ... ரா... ட்... சி... ஊராட்சி... ஒ... ன்... றி..." நெற்றியில் வியர்வை அரும்பியது.

முழுவட்டமும் படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "ஏனுங் டீச்சர், அத அழிச்சுப்போட்டு வேற எழுதிக் குடுத்துட்டுப் போறீங்களா?"

"பஸ்ஸு வந்துருமே கண்ணு."

"கொஞ்சமா எழுதுனாப் போதுமுங்க."

மெஹராஜ் சான்றை மடித்துப் பையில் வைத்தாள். சுண்ணக்கட்டி கேட்டாள். வள்ளியாத்தாள் பாவாடை மடிப்பிலிருந்து விரற்கடை அளவு துண்டை எடுத்து நீட்டினாள். பிறகு எக்கி நின்று, கையால் பலகையைத் துடைத்தாள். நீர் அழிந்தது, வயல் அழிந்தது. மாரப்பன் என்ற பெயருக்கு வந்ததும் கை நின்றது. "இது மட்டும் இருக்கட்டுமுங்க" என்று அதைச் சுற்றித் துடைத்தாள்.

மெஹராஜ் எழுதத் தொடங்கினாள். முதல் மூன்று வரிகளை வழக்கம்போல், கடைசி வரிசைக்கும் தெரியும்படி பெரிதாக எழுதினாள். நான்காம் வரியில் கை நின்றது. பலகையின் மீதி அகலத்தைப் பார்த்தாள். மனத்துக்குள் மாதங்களை எண்ணினாள்: மார்கழி, தை, மாசி, பங்குனி... ஆடிக்கு எட்டு மாதம் இருந்தது. பெரிதாக எழுதிய மூன்று வரிகளையும் அழித்துவிட்டு, மறுபடியும் மேல்மூலையிலிருந்து, பொடியெழுத்தில் தொடங்கினாள்.

"அம்மணி, பஸ்ஸு வந்துருச்சுங்க!" என்று பொங்கியண்ணன் குரல் கொடுத்தார்.

பிள்ளைகள் தரையில் நகர்ந்து நகர்ந்து பலகையின் அடிக்கே வந்துவிட்டார்கள். வாய்க்கால் பாலத்தில் பேருந்தின் ஒலிப்பான் இரண்டு முறை அலறியது. சுண்ணக்கட்டி விரல்நகத்தளவுக்குத் தேய்ந்துவிட்டது. எழுத்துகள் அரிசியளவாய்ச் சிறுத்துக்கொண்டே போயின.