ஒரு மணிக்கு மேல் ஒரு வாக்கியம்

ஐரோப்பாவுக்கு அரசியல் சட்டம் எழுத பிரஸ்ஸல்ஸில் கூடிய மாநாட்டில் ஓட்டெடுப்பே கிடையாது. உரிமைகள் குழுவின் தலைவர் கஸ்தோன் தெல்வோ அறையை ஒரு சுற்று பார்ப்பார். யாரும் வாய் திறக்கவில்லை என்றால், "சரி, எல்லாருக்கும் சம்மதம்" என்று சுத்தியலைத் தட்டுவார். நான் அங்கே குறிப்பெழுதும் ஃபின்லாந்துக்காரன். எங்கள் ஊரில் ஒருவன் பேசாமல் இருந்தால் யோசித்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். அவன் யோசித்து முடிப்பதற்குள் இங்கே மூன்று பிரிவுகள் நிறைவேறிவிடும்.

அன்று காலை அப்படித்தான் ஒரு வாக்கியம் போயிற்று. 'ஒருவருக்குப் புரியும் மொழியில் சொல்லாமல், அவர் தரப்பைக் கேட்காமல், அவருக்கு எதிராக முடிவெடுக்கக் கூடாது.' மொழிபெயர்ப்புச் செலவு அதிகமாம், நீக்கிவிட்டார்கள். அதை எழுதியவர் எங்கள் நாட்டு உறுப்பினர் தூலிக்கி. அவர் மூச்சை இழுத்து வாயைத் திறப்பதற்குள் சுத்தியல் விழுந்துவிட்டது. அவருடைய தொகுதியில் கலைமான் மேய்க்கும் அஸ்லாக், புரியாத மொழியில் வந்த கடிதத்தால் மேய்ச்சல் நிலத்தைப் பறிகொடுத்தவர். அவருக்காகத்தான் தூலிக்கி இரண்டு மாதமாக அந்த வாக்கியத்தோடு அலைந்தார்.

மொழிபெயர்ப்பாளர்கள் சரியாக ஒரு மணிக்குச் சாப்பிடப் போய்விடுவார்கள். பிரளயமே வந்தாலும் ஒரு நிமிடம் கூட இருக்கமாட்டார்கள். அவர்களுடைய கண்ணாடிக் கூண்டுகளில் விளக்கு அணைந்த பிறகு தூலிக்கி மைக்கை அழுத்தினார். தெல்வோவின் மனம் அதற்குள் சிப்பிக்கும் உருளைக்கிழங்கு வறுவலுக்கும் போயிருந்தது.

"சுருக்கமா சொல்லுங்க மேடம்."

தூலிக்கி ஃபின்னிஷில் நிதானமாகச் சொன்னார்: "காலையில நீக்கின வாக்கியத்தைத் திரும்பச் சேர்க்கணும். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

அந்த மொழி தெரிந்தது எங்கள் இருவருக்குத்தான். மற்றவர்கள் பையை மூடிக்கொண்டே மரியாதையாகத் தலையாட்டினார்கள். நன்றி சொல்கிறார் என்று நினைத்திருப்பார்கள். தெல்வோ அறையை ஒரு சுற்று பார்த்தார். பழக்கதோஷம், சுத்தியலைத் தட்டிவிட்டார்.

வாசலில் தூலிக்கி என்னை மடக்கினார். "எழுதிட்டியா?"

"எழுதினா என் வேலை போயிடும், தூலிக்கி."

"நடந்ததைத்தானே எழுதச் சொல்றேன்?"

எழுதினேன்.

மூன்று மணிக்குக் குறிப்பைப் படித்த தெல்வோவின் முகம் சிவந்தது. "இது அநியாயம் மேடம். நீங்க பேசினது எங்களுக்குப் புரியவே இல்ல. புரியாதவங்க தலையில கட்டின முடிவு எப்படிச் செல்லும்?"

மொழிபெயர்ப்பாளர்கள் இப்போது கூண்டில் இருந்தார்கள். பதினோரு மொழியிலும் அந்தக் கேள்வி தெளிவாகக் கேட்டது.

"இதைத்தான் தலைவரே, ரெண்டு மாசமா நானும் சொல்லிக்கிட்டிருக்கேன்," என்றார் தூலிக்கி.

பின்வரிசையில் யாரோ சிரிக்க, அறையே சிரித்தது. தெல்வோ தண்ணீர் குடித்தார். "குறிப்பு இருக்கிறபடியே இருக்கட்டும்," என்றார்.

சாயங்காலம் தூலிக்கி அஸ்லாக்குக்குப் போன் போட்டார். பேசி முடித்ததும் நான் ஆவலாக, "என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"நிலம் திரும்பி வருமான்னு கேட்டார். வராது, இனி அடுத்தவன் நிலம் இப்படிப் போகாதுன்னு சொன்னேன். அப்ப அந்த அடுத்தவன் கிட்ட என் மானுக்குக் கொஞ்சம் இடம் கேட்டு வைங்கன்னார்."