யானைக்கு வைத்த சோறு

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமாகக் கிடைத்ததல்ல. கல்முனையில் ஒரு தேநீர்க் கடையில், பக்கத்து மேசைக்காரர் வடையைப் பிய்த்துக்கொண்டே சொன்ன ஒரே வசனத்திலிருந்து எடுத்தது: “இறக்காமத்துல ஒரு பொம்புள இருக்கா, புரியாணிக்குப் பயந்து பயந்து வாடி நடத்துறா.” கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் கைகழுவிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பெண் யார், புரியாணிக்கு ஏன் பயம் என்று கேட்க எனக்கு வாய்க்கவில்லை. ஆகவே கீழே உள்ளதெல்லாம் என் இட்டுக்கட்டு. பயம் மட்டும் அவளுடையது.

முதல் தொடக்கம்: “குளத்தின் மேல் காலைச் சூரியன் பொன்னை உருக்கி ஊற்றியது போல—”

வேண்டாம். வெயிலில் மண் சுமந்தவர்கள் யாரும் சூரியனைப் பொன் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டாம் தொடக்கம்: “சபூறா இயற்கையை நேசித்தாள்.”

இதுவும் வேண்டாம். சபூறா கையில் கத்தியோடு நிற்கிறாள். நேசிக்க அவளுக்கு நேரமில்லை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2

சபூறா உண்ணிச்செடியை வேரோடு கிண்டிக்கொண்டிருந்தாள். வெட்டிவிட்டால் மட்டும் போதாது. அடுத்த மழைக்கு இரண்டு மடங்காகத் தழைத்து, கீழே முளைக்கிற எதையும் மூடிவிடும்.

குளக்கரையில் இளைப்பாற மூன்று கபானாக் குடில்கள், ஆக்குவதற்கு ஒரு குசினி, நீளமான ஒரு சாப்பாட்டுக் கொட்டில். ஊரார் அதை வாடி என்பார்கள். மௌத்தாகி அடக்கமான புருசன் விட்டுப்போன காணி. அவளும் தம்பி றிபாசும் நடத்தினார்கள். கரையோர ஊர்களிலிருந்து குடும்பங்கள் வேனில் வந்து, குளத்தில் குளித்து, ஆக்கித் தின்று, பொழுதுபட முன் திரும்பும்.

அவர்கள் நிழலுக்கு வருகிறார்கள். நிழலைத் தருவது மருத மரங்கள். அந்த வேர்கள் பிடித்துவைக்காவிட்டால் கரையே குளத்துக்குள் இறங்கிவிடும். எனவே பழைய மரங்களுக்கிடையே மருதங்கன்றும் நாவல் கன்றும் நட்டு, மாடு கடிக்காமல் முள் அடைத்து, கோடை முழுக்க வாளியால் தண்ணீர் ஊற்றினாள். காய்ந்து விழுந்த கொப்பை விருந்தாளிகள் அடுப்புக்குக் கேட்டால் கொடுக்கமாட்டாள். “அதுக்குள்ள உடும்பு குடியிருக்கு,” என்பாள். இருந்ததோ இல்லையோ.

வாடிக்குப் பின்னால், காட்டிலிருந்து குளத்துக்கு ஒரு யானைப் பாதை. காது கிழிந்த ஒற்றை யானை அதில் வரும், நீர் குடிக்கும், போகும். வாடியைத் திரும்பிப் பார்த்ததில்லை.

புரியாணி வரும்வரை.

(இங்கே நீங்கள் ஒரு வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிஸ்மி சொல்லி, இறைவன் பேரால் ஆக்கிய சோற்றைக் குப்பையில் கொட்ட எங்கள் ஆட்களுக்கு மனம் வராது. அது றிஸ்க், படைத்தவன் அளந்த உணவு. மிஞ்சியதை வாயில்லாச் சீவனுக்கு வைத்தால் சதகா, தருமம். ஊரில் அதைக் கோழியும் பூனையும் தின்றுவிடும். காட்டோரத்தில் யார் வந்து தின்பது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்த பிழையை எழுதுவது எளிது. இது நன்மை தேடிச் செய்த பிழை.)

வேனுக்கு வேன் மரத்தடியில் சோறு. யானை உப்புக்கும் நெய்க்கும் பழகியது. முதலில் கன்றுகளை மிதித்துக்கொண்டு மரத்தடிக்கு வந்தது. பிறகு குசினிக்கு வந்தது. போன கிழமை குசினிச் சுவரைத் தள்ளியது. சுவர் மறுபக்கத்தில் இருந்த றிபாசின் கட்டிலில் விழுந்தது. நல்ல நேரம், அவன் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போயிருந்தான்.

3

றிபாசை முதலில் கெட்டவனாக எழுதினேன். முரட்டு மீசை வைத்தேன், யானையைக் கண்டாலே பல்லைக் கடிக்கவைத்தேன். அந்தப் பந்தி முழுவதையும் வெட்டிவிட்டேன். தன் கட்டில் நொறுங்கிக் கிடப்பதைப் பார்த்த மனிதனுக்கு மீசை தேவையில்லை.

அவன் ஒரு சுருள் கம்பியோடு வந்தான்.

“இத ஊட்டுக் கரண்டுல நேரா கொளுவப் போறன் ராத்தா. ஒருக்காத் தொட்டாச் சரி.”

“தொட்டாச் செத்துப் போகும்டா.”

“அப்ப நான் சாகட்டா?”

“யானதான் தொடுது எண்டு கம்பிக்குத் தெரியுமா? விருந்துக்கு வாற புள்ள தொட்டா?”

“கதைக்கிறது லேசு. ஒடஞ்சது ஒங்கட கட்டில் இல்லயே.”

சபூறா கம்பியின் ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையை அவன் விடவில்லை.

“தம்பி, அது நம்மளத் தேடி வரல்ல. சோத்தத் தேடி வருது. சோத்த நிப்பாட்டுவம். ஒடன மறக்காதுதான். மறக்கிற மட்டும் காவல் இருப்பம்.”

“ஆரு நிப்பாட்டுற? ஹாஜிமார்ட கையப் புடிக்கிற ஆளு ஆரு?”

“நான்.”

றிபாஸ் சிரித்தான். பிறகு சிரிப்பதை விட்டான்.

“சரி. வெள்ளிக்கிழம ஹாதிக் ஹாஜியார்ட ஆக்கள் வாறாங்க. நிப்பாட்டிக் காட்டுங்க. காட்டினா நானும் காவலுக்கு வாறன், அதத் துரத்த யானை வெடியும் கொளுத்துறன். மரத்தடியில சோத்தக் கண்டனோ, கம்பி ஏறும். பொறகு என்னோட கதைக்க வராதீங்க.”

4

ஜும்ஆத் தொழுகை முடிந்து வேன் வந்தது. ஹாதிக் ஹாஜியாருக்குச் சாய்ந்தமருதில் புடைவைக் கடை. கை தாராளம், குரலும் தாராளம். தின்று எழும்பும்போது சவன்களில்* பாதி மிஞ்சியிருந்தது. ஒருவர் சவனைத் தூக்கிக்கொண்டு நடக்க, சபூறா பின்கதவை மறித்து நின்றாள்.

“சோறு வெளியில போகாது ஹாஜியார்.”

“என்ன மகள் இது? சதகாவத் தடுக்கிறயா?”

“ஒங்கட சதகா என்ட குசினிச் சுவர ஒடச்சிட்டு.”

யாரோ சிரித்தார்கள். ஹாஜியாரின் முகம் கறுத்தது.

“அப்ப றிஸ்க்கக் குப்பையில கொட்டவா?”

“இல்ல. சவன வழிச்சுத் தின்னுறதும் நபி காட்டின சுன்னத்துத்தானே? இருந்து தின்னுங்க. ஏலாட்டிச் சட்டியில போட்டு வேன்ல ஏத்துங்க. போற வழியில அடுப்பு எரியாத ஊடு ஒண்டும் இல்லயா?”

“விருந்துக்கு வந்த எடத்துல ஏச்சும் வாங்கணுமா? இனி இந்தப் பக்கம் தல வச்சும் படுக்க மாட்டன்!”

“ஓம், பறவாயில்ல. சட்டிய எடுத்துட்டுப் போங்க.”

மூலையில் இருந்த பருத்த மனிதர் ஏப்பத்தோடு மறுபடி சம்மணமிட்டார். “வாங்கடா, சண்டையில சோறு ஆறுது. எனக்கு இன்னும் எடமிருக்கு.”

ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். எஞ்சியது சட்டியில் ஏறியது. கொட்டில் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த றிபாஸ் தலையைச் சொறிந்தான்.

(* சவன்: நாலைந்து பேர் சுற்றியிருந்து ஒன்றாக உண்ணும் பெரிய தட்டு. மிஞ்சியது யாருடைய பங்கு என்று அதில் சொல்ல முடியாது. இந்தக் கதையின் கஷ்டமும் அதுதான்.)

இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் வேன் வெளிக்கிடுமுன் ஹாஜியாரின் மனைவி உம்முவை அதில் ஏற்ற மறந்துவிட்டேன்.

5

உம்மு ஒரு பீங்கானில் சோறெடுத்து, முக்காட்டுக்குள் மறைத்து, பெண்கள் கைகழுவும் பக்கத்தால் இறங்கி, மருத மரத்தடியில் கொட்டினாள். மகளுக்கு அடுத்த நாள் ஒப்பரேசன். ஒரு வாயில்லாச் சீவனின் வயிறு நிறைந்தால் அந்த நன்மையில் மகள் கண்விழிப்பாள் என்று நிய்யத்து வைத்திருந்தாள். அவளை நான் குற்றம் சொல்லப்போவதில்லை. கொட்டிவிட்டு ஓடிப்போய் வேனில் ஏறினாள்.

பொழுது சாய, கன்றுகளுக்கு நீர் ஊற்றப் போன சபூறா அந்தச் சோற்றைக் கண்டாள். பாதையின் வாயில் காது கிழிந்த யானை நின்றது. தும்பிக்கையைத் தூக்கிக் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தது.

“ராத்தா! அங்க என்ன?” கொட்டிலிலிருந்து றிபாஸ் கேட்டான்.

சபூறா வாளி நீரைக் கன்றின் அடியில் கவிழ்த்தாள். குந்தியிருந்து, இரண்டு கையாலும் சோற்றை மண்ணோடு அள்ளி வாளிக்குள் போட்டாள். மறைக்கவில்லை. ஓடவுமில்லை.

“சோறுதான்!” என்று கத்தினாள். “அள்ளுறன்! வெடியக் கொண்டு வா. கம்பிய இல்லடா, வெடிய!”

றிபாஸ் உள்ளே ஓடினான். கம்பியும் வெடியும் ஒரே ராக்கைத் தட்டில்தான் இருக்கின்றன.

6

முடிவு அ: யானை திரும்பிப் போகிறது. “அதன் கண்களில் ஏதோ ஒரு புரிதல்—” நிறுத்திவிட்டேன். யானைக்கு இருப்பது பசி.

முடிவு ஆ: றிபாஸ் கம்பியை எடுக்கிறான். விடிந்ததும் கரையில் ஒரு கறுத்த மேடு, சுற்றிலும் கூட்டம், உயர்த்திய கைபேசிகள். நடக்கக்கூடியதுதான். ஆனால் இப்படி முடித்தால் நீங்களும் நானும் “பாவம்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவோம்.

முடிவு இ: உம்முவை அழித்துவிடுவது. அழித்தும் பார்த்தேன். மரத்தடி சுத்தமாகத்தான் கிடந்தது. அடுத்த கிழமை வேறொரு வேன் வந்தது. அதிலும் ஒரு தாய் இருந்தாள், அவளுக்கும் ஒரு நிய்யத்து இருந்தது. எல்லா வேன்களையும் அழித்தால் வாடி இல்லை. வாடி இல்லாவிட்டால் கன்றுக்கு நீர் ஊற்ற ஆளில்லை.

ஆகவே ராக்கையில் றிபாசின் கை எதைத் தொட்டது என்று நான் எழுதப்போவதில்லை. கதையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைக்கிறேன். வேன் இன்னும் வெளிக்கிடவில்லை. உம்முவை வேனில் ஏற்றிவிட்டேன். பீங்கான் மட்டும் உங்கள் கையில் இருக்கிறது.

வயிறு நிறைந்திருக்கிறது. வீட்டில் உங்களுக்கும் ஒரு கவலை உண்டு. மரத்தடி கிட்டத்தான். ஒருவரும் பார்க்கவில்லை.

பின்கதவில் சபூறா வாளியை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

“அத இஞ்ச தாங்க,” என்கிறாள்.