மைத்துனன் கேட்ட பங்கு

தாணுமாலையன் மின்விளக்குக் கம்பெனியின் வருஷக் கணக்கான ஐந்தொகைத் தாளைக் கூடத்தில் விரித்து வைத்து, "அத்தான், இதுல எதைப் பாத்து வாங்கணும்?" என்று கேட்டபோது நாறும்பூநாதனுக்கு வாயிலிருந்த வெற்றிலை கசந்தது.

பாளையங்கோட்டையில் அந்தக் கம்பெனி தொடங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவர் அங்கே கணக்கர். வேலைக்குச் சேரும்போதே பங்கு வாங்கி ஜாமீனாக வைக்க வேண்டும் என்று டைரக்டர் ஆவுடைநாயகம் பிள்ளை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மனைவி சண்முகசுந்தரியின் தங்க வளையல்கள் அப்படித்தான் போயின. வேலையை விட்டால் பங்கும் போய்விடும். ஜாமீனுக்கு வேறு ஆளைக் காட்டினால் அவன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்படி ஓர் ஆள் அகப்படவில்லை. சுந்தரியின் தம்பியான தாணு நாங்குநேரியில் பள்ளிக்கூட வாத்தியார். அவ்வூர்ப் பெரியகுளத்துப் பாசனத்தில் தனக்கிருந்த ஒரே வயலை விற்றுவிட்டுப் பங்கு வாங்க வந்திருந்தான்.

நாறும்பூநாதன் எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"லாபப்பங்கு எவ்வளவுன்னு பாக்காத. அது எங்கேருந்து வந்துச்சுன்னு பாரு. விளக்குக்கு வார வரும்படி நிலக்கரிக்கும் சம்பளத்துக்குமே காணல. கடனுக்கு வட்டி வேற. இஞ்சின் வருஷா வருஷம் தேயுது, வாங்குன வெலையையே இன்னும் எழுதி வச்சிருக்கு. புதுசாப் பங்கு வாங்குதவன் பணத்தைத்தான் பழைய ஆளுக்கு லாபம்னு குடுக்காங்க."

"அப்ப கணக்கு பொய்யா?"

"பொய்யில்ல. எல்லாம் அச்சடிச்சுத்தான் இருக்கு. ஒருத்தனும் சேத்துப் பாக்கல."

தாணு தாளின் வரிகளில் விரலை ஓட்டினான். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டான்.

"நீங்க இன்னும் பங்கு வச்சிருக்கியள்லா?"

"அது ஜாமீனு, தாணு. நெனச்சா எடுக்க முடியாது."

"சரி, அதை எனக்குத் தாங்க. ஜாமீனுக்கு நா நிக்கேன். முழு வெலையும் தாரேன்."

அடுக்களை வாசலில் சண்முகசுந்தரி வந்து நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கண்ணாடி வளையல் போட்ட கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, இருவரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். நாறும்பூநாதனின் நாக்கு நுனியில் 'சரி' என்ற சொல் வந்து நின்றது. அதைச் சொல்லிவிட்டால் மறுநாளே கம்பெனிப் படியை விட்டு இறங்கிவிடலாம். பங்கை விலைக்குக் கேட்டது அவனே. இவர் ஒன்றையும் மறைக்கவில்லை. யாரும் குற்றம் சொல்ல முடியாது. அந்த எண்ணம் இவ்வளவு சுலபமாக வந்ததுதான் அவரைப் பயமுறுத்தியது.

"தர மாட்டேன்" என்றார்.

தாணு சிரித்துவிட்டான். "பாத்தியளா! நஷ்டப்படுத சரக்குன்னா, கேட்டு வந்தவன்கிட்ட எவனாவது தரமாட்டேம்பானா? எனக்கு இது ஒண்ணு போதும்."

"சுந்தரி, நீயாவது சொல்லு."

"நா என்னத்தைச் சொல்ல?" அவள் நிலையிலிருந்து கையை எடுத்தாள். "வாங்காதன்னா, தம்பி நல்லா இருக்கது புடிக்கலையாம்பான். அவனுக்கே குடுங்கன்னா, காலம் பூரா நீங்க என் மொகத்தப் பாக்க மாட்டிய." உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை தாணு டைரக்டரோடேயே ஆபீசுக்குள் வந்தான். பிள்ளையின் கை அவன் தோளில் இருந்தது.

"மச்சினன் பங்குப் பத்திரத்தை உம்ம கையாலயே எழுதும்வே" என்றார் பிள்ளை.

நாறும்பூநாதன் எழுந்து நின்றார். "அண்ணாச்சி, இவனுக்கு வேண்டாம்."

"ஏன்வே?"

பிள்ளையின் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. மற்ற குமாஸ்தாக்கள் எழுதுவதை நிறுத்தினார்கள். அடுத்த கொட்டகையில் இஞ்சின் அடித்துக்கொண்டிருந்தது. காரணத்தைச் சொல்ல நாறும்பூநாதன் வாயைத் திறப்பதற்குள் தாணுவே முந்திக்கொண்டான்.

"அத்தானுக்கு எம்மேல பிரியம் ஜாஸ்தி, அண்ணாச்சி. அதான் பயப்படுதாவ. எழுதச் சொல்லுங்க."

பிள்ளை நாற்காலியைக் காட்டினார். நாறும்பூநாதன் உட்கார்ந்தார். பேனாவை மையில் தொட்டு, நாங்குநேரி தாணுமாலையன் என்று எழுதினார். மை கொஞ்சம் கூடுதலாக இறங்கி, எழுத்துகள் ஈரமாக மின்னின. தாணு மேஜைமேல் குனிந்து, தன் பெயர் கலைந்துவிடாதபடி, பைய ஊதினான்.